பேச்சு நிற்காத வேகம்

கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏறலாம் என்றதும் மச்சான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேரும் வரைக்கும் நான் அவரோடு பேசிக்கொண்டே வர வேண்டும். "பேச்சு நின்னா சைக்கிளும் நிக்கோணும் மாப்ளே. அதுக்குச் சம்மதம்னா வாங்க."

மச்சான் என் மனைவியின் அண்ணன். வயது 58. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன்பு பட்டறையில் நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சை அடைத்து, ஸ்டென்ட் வைக்கும்படி ஆனது. தேறிய பிறகு ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்த டாக்டர், சைக்கிள் ஓட்டலாம் என்றார். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தை மட்டும் தாண்டக் கூடாது. பிறவிப் பேச்சுக்காரர் ஒருவருக்கு இப்படியொரு மருந்துச்சீட்டு கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் "செத்த நேரம் சும்மா இருங்க" என்று அவரை வீட்டில் யாரும் சொல்ல முடிவதில்லை.

ஆனால் டாக்டர் சொன்னது விளையாட்டில்லை. உடம்பு நிதானமாக உழைக்கும்போது மூச்சும் நிதானமாகப் போய்வரும். நடுவே பேச இடம் இருக்கும். உழைப்பு ஓர் அளவைத் தாண்டினால் தசைகளில் அமிலத்தன்மை கூடும். அதைச் சமாளிக்கும் வேலையில் ரத்தத்தில் கரியமில வாயு பெருகும். அதை வெளியேற்ற மூச்சு சட்டென்று வேகம் பிடிக்கும். பேசுவதற்கோ மூச்சைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது. வாக்கியம் இரண்டு மூன்று சொல்லாக உடைகிற அந்த இடம்தான் எல்லை. ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி அளப்பதை வாயே சொல்லிவிடுகிறது.

கையில் கட்டும் கடிகாரம் இதைச் சொல்லாதா என்று கேட்கலாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது அதிகபட்ச இதயத் துடிப்பு, அதில் இத்தனை சதவீதத்துக்குள் ஓடு என்பது பரவலான கணக்கு. அது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து துடிப்பு முன்னே பின்னே இருக்கும். மச்சானைப் போல பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. மாத்திரை துடிப்பை மேலே ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். கடிகாரம் 'இன்னும் முடுக்கு' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடம்பு தன் எல்லைக்கு வந்திருக்கலாம். இதய நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சிகளில் பேச்சுச் சோதனையைச் சேர்த்திருப்பது இதனால்தான்.

என் கதை அவ்வளவு பயங்கரமானதில்லை. 46 வயது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. 5.7இலிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டாயிற்று, இன்னும் உள்ளே நுழையவில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சென்னையில் காலையில் ஓட ஆரம்பித்தேன். ஓடத் தெரியாதவர்களுக்காக ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் ஒன்று உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. முதல் வாரம் ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை, மறுபடி ஓட்டம். முதல் நாள் அந்த ஒரு நிமிடத்தின் நீளம் எனக்குத் தெரிந்தது. நாற்பதுக்கு மேல் ஓட வருகிறவனின் பெரிய எதிரி முழங்கால் என்பார்கள். என்னைக் கேட்டால் வெட்கம்தான். யாராவது பார்க்கிறார்கள் என்றதும் கால் தானாக வேகமெடுக்கும். நூறு மீட்டரில் நாக்குத் தள்ளும். மெதுவாக ஓடுவதற்குத்தான் உண்மையில் துணிச்சல் வேண்டும். ஓட்டத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. மச்சானின் பழக்கம் தொற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழிக் கடைசியில் ஒரு விடிகாலை, சேலம் ஜங்ஷனில் சைக்கிளோடு இறங்கினேன். மச்சான் வீடு இருக்கும் நாமக்கல் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது. லாரிகளின் சொந்த ஊருக்குப் போகும் சாலை என்பதால் அதில் லாரிதான் ராஜா. இயன்ற இடமெல்லாம் சர்வீஸ் ரோட்டிலேயே போனேன். வழியில் மரவள்ளிக் காடுகள். சேகோ ஆலைகளைக் கடக்கும்போது புளித்த வாடை ஒன்று வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போகும். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிதான் ஜவ்வரிசியாகி வடக்கே விரத நாட்களில் கிச்சடியாகிறது. களங்களில் வெள்ளை வெளேரென்று மாவு காய்ந்துகொண்டிருந்தது.

மல்லூர் தாண்டியதும் பள்ளிக்கூடம் போகும் பெண்கள் நாலைந்து பேர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு தருகிற சைக்கிள்கள். கியர் கிடையாது, முன்கூடையில் புத்தகப் பை. இருவர் இருவராக, ஒருத்தி தோளை இன்னொருத்தி தொட்டுக்கொண்டு, பேச்சு ஓயாமல் போனார்கள். எனக்கும் அவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே வேகம். ஒரு சிறு ஏற்றம் வந்தது. நான் கியரை மாற்றி, உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சை இழுத்துத் தயாரானேன். அவர்கள் யாரோ ஒரு டீச்சரைப் பற்றிய கதையை முடிக்காமலே ஏறிப் போய்விட்டார்கள். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர், வருஷக்கணக்காக, யாரும் அதைப் பயிற்சி என்று பெயரிடாமல். அதற்கு ஈடான ஒன்றை வார இறுதிகளில் கட்டிவிடலாம் என்று நாம் நினைக்கிறோம்.

மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வரும் காற்று தெற்கே போகிறவனுக்கு முதுகில் கைவைத்துத் தள்ளும். புதுச்சத்திரம் தாண்டிப் போனதே தெரியவில்லை. நாமக்கல்லின் ஒற்றைப் பாறைக் கோட்டை தூரத்தில் தெரிந்தபோது வெயில் ஏறியிருந்தது.

பட்டறையில் மச்சான் என்னைப் பார்ப்பதற்கு முன் என் சைக்கிளைப் பார்த்தார். என்னுடையது மெலிந்த டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட ரோடு சைக்கிள். அவருடையது விலையில் அதில் பாதிகூட வராத ஹைபிரிட். நேரான ஹேண்டில், தடித்த டயர், பின்னால் கேரியர். பாடி கட்டுகிறவரின் பழக்கத்தில் குந்தி உட்கார்ந்து பற்களை எண்ணினார். என் சைக்கிளில் முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பெரிய சக்கரத்தில் 28. அவருடையதில் முன்னால் 28, பின்னால் 34. தலைகீழ்.

"நீங்க ஒரு மிதி மிதிச்சா வண்டி ரெண்டரை மீட்டர் போவுது. நான் மிதிச்சா ஒண்ணே முக்கால். மலையில யாரு பேசுவாங்க, யாரு பேச மாட்டாங்கன்னு இப்பவே சொல்லிரலாம்ங்க மாப்ளே."

கணக்கு சரிதான். நிமிடத்துக்கு அறுபது மிதி என்று வைத்தால் எனக்குக் குறைந்தபட்ச வேகமே மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். அதற்குக் கீழே இறங்கினால் முழங்காலால் பெடலை நெட்டித் தள்ள வேண்டும். அவர் ஆறில் போகலாம். ஐந்து சதவீத ஏற்றத்தில், ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்றால், ஆறுக்கு 85 வாட் சக்தி போதும். ஒன்பதுக்கு 125 வேண்டும். தொழில்முறை வீரர்கள் இதைப்போல இரண்டு மடங்கை மணிக்கணக்கில் தருவார்கள். நமக்கு அந்த நாற்பது வாட்டில்தான் பேச்சும் பெருமூச்சும் பிரிகின்றன. கடைகளில் எடை குறைந்த சைக்கிளுக்கு ஆயிரக்கணக்கில் கூடுதல் விலை சொல்வார்கள். பெரிய பல்சக்கரம் ஒன்றைப் பின்னால் மாட்டிக்கொள்வது அதைவிட மலிவு, அதைவிட உபயோகம். அன்று மாலையே நாமக்கல்லிலும் சேலத்திலும் போன் போட்டுப் பார்த்தோம். என் வண்டிக்குச் சேரும் சக்கரம் உடனே கிடைக்கவில்லை. "பரவால்லங்க, சுத்திச் சுத்தி ஓட்டுங்க" என்றார். வளைந்து வளைந்து ஓட்டினால் ஏற்றம் குறையும், தூரம் கூடும். மலைச்சாலை போட்டவர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அதுவரைக்கும் சமவெளி, மச்சான் டீசல் விலை, பாடிக்குப் போடும் தேக்கின் விலை, மகளின் கல்யாணம் என்று மூன்று விஷயங்களை முடித்திருந்தார். அடிவாரத்தில் இட்லி சாப்பிட்டோம். கிழக்கே மலை ஒரு சுவராக நின்றது. சாலை எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது.

காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் 1/70, 2/70 என்று பலகை. ஏற்காட்டுக்குச் சேலம் பக்கச் சாலையில் இருபது வளைவுதான். எழுபது என்றதும் பயப்படுகிறோம், பயப்பட வேண்டியதில்லை. வளைவு கூடக்கூட ஏற்றம் சாந்தமாகும். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தை இருபது கிலோமீட்டருக்கு மேல் இழுத்து விரித்திருக்கிறார்கள். நூறு மீட்டருக்கு நாலைந்து மீட்டர் ஏறினால் போதும். வளைவின் உட்பக்கம் மட்டும் செங்குத்து. வெளிப்பக்கமாகச் சுற்றினால் அங்கே ஒரு பத்தடிக்குக் கால் இளைப்பாறலாம். எதிரே வண்டி வருகிறதா என்று காதைக் கொடுத்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும்.

ஏழாவது வளைவு வரைக்கும் நான் ஒழுங்காகப் பேசினேன். பன்னிரண்டில் என் பதில்கள் "ஆமாங்க", "இல்லீங்க" என்று சுருங்கின. பதினைந்தில் தலையாட்டினேன்.

"மாப்ளே, சத்தமே காணோமே?"

"ம்."

"நிறுத்துங்க."

நிறுத்தினோம். குரங்குகள் சுவரில் உட்கார்ந்து எங்கள் பைகளை மதிப்பிட்டுக்கொண்டிருந்தன. அப்போதுதான் கீழேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் ஒரு சின்ன மூட்டை, காலில் ரப்பர் செருப்பு. எங்களைப் பார்த்து நின்று, "எங்கிருந்து வர்றீங்க சாமி?" என்று விசாரித்தார். மலைமேல் உள்ள தின்னனூர் நாட்டுக்காரர். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் நடந்தே ஏறுகிறார். எங்களுக்கு முன்னால் புறப்பட்டு, சாலையை விட்டு விலகிப் புதருக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் மறைந்தார்.

நாங்கள் மூன்று வளைவு ஏறி மூச்சுவாங்க நின்றால், மேலே சுவர்மீது அவர் உட்கார்ந்திருந்தார். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். இந்த வருஷம் மிளகு எப்படி, காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்காதது, சாமை போடுகிறவர்கள் குறைந்து எல்லோரும் குச்சிக்கிழங்குக்கு மாறியது. சாலை சுற்றிக்கொண்டு போகிறது. அவருடைய பாதை நேராக வெட்டுகிறது. நாங்கள் மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர், அவர் மூன்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே போய்க்கொண்டிருந்தோம். அந்த ஒற்றையடிப் பாதை சாலையைவிடப் பல மடங்கு செங்குத்து. ஆனாலும் ஒரு தடவைகூட அவர் குரலில் இரைப்பு தட்டவில்லை. முப்பதாவது வளைவுக்குப் பக்கத்தில், "நீங்க மெள்ள வாங்க, நான் கொஞ்சம் வேகமாப் போறேன்" என்று மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்லிவிட்டு மறைந்தவரை அப்புறம் பார்க்கவில்லை.

மச்சான் வெகுநேரம் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். நான் பதிலுக்கு, பேச்சு வந்தபோதெல்லாம், பில் போவர்மனின் கதையைத் தவணை முறையில் சொன்னேன். போவர்மன் அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் பெரிய ஓட்டப் பயிற்சியாளர். பிற்பாடு நைக்கி நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1962 கடைசியில் நியூசிலாந்து போனார். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், ஒலிம்பிக் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல்லைத் தயாரித்தவர், ஆக்லாந்தில் சாதாரண மனிதர்களையும் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களையும் சேர்த்துக்கொண்டு மெல்லோட்டம் நடத்திவந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போவர்மனையும் அழைத்துப் போனார்கள். அவருக்கு அப்போது வயது 51. ஓடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே பழகியவர். தான் ஓடி வெகுகாலம். கூட்டம் மேட்டில் ஏற, இவர் பின்தங்கிவிட்டார். எழுபதைத் தாண்டிய ஒருவர், அதுவும் இதய நோய் கண்டவர், இவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பேச்சுத் துணையாகக் கூடவே வந்து கரை சேர்த்தார். போவர்மனுக்குப் பதில் பேச மூச்சில்லை. ஊர் திரும்பியவர் தன் நகரத்தில் மெல்லோட்ட வகுப்புகளைத் தொடங்கினார். ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து 1967இல் எழுதிய புத்தகம் அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களைத் தெருவில் ஓடவைத்தது.

"அந்தப் பெருசும் கொல்லிமலைக்காரரா இருப்பாருங்க" என்றார் மச்சான்.

நாற்பதாவது வளைவிலிருந்து ஐம்பதுக்குள் மரங்கள் மாறின, காற்று குளிர்ந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. கீழே சேந்தமங்கலத்துப் பக்கத்து ஏரிகள் பளபளத்தன. எனக்கும் ஒரு தாளம் பிடிபட்டிருந்தது. வேகத்தை அல்ல, வாக்கியத்தைக் காப்பாற்றிக்கொள்வது. சாலை அகலமாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் வளைந்து ஓட்டுவது. கேள்விக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லையென்றால் உடனே மிதியை மெதுவாக்குவது. அறுபதுக்கு மேல் நான் பேசினேன், மச்சான் கேட்டுக்கொண்டு வந்தார் என்பதை அவர் மனைவியே நம்ப மறுக்கிறார்.

சோளக்காட்டில் 70/70 பலகைக்குப் பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொள்ள இளைஞர் கூட்டம் பைக்குகளோடு வரிசையில் நின்றது. இத்தனை உயரத்துக்கு என்ன செலவாயிற்று என்று டீக்கடையில் கணக்குப் போட்டோம். 90 கிலோவை 1000 மீட்டர் தூக்க 883 கிலோஜூல். மனித உடம்பு தின்றதில் நாலில் ஒரு பங்கைத்தான் மிதியாக மாற்றும். மிச்சம் வியர்வையும் சூடும். ஆகமொத்தம் எண்ணூற்றுச் சொச்சம் கலோரி. ஐந்தாறு தோசை. காரவள்ளியில் சாப்பிட்ட இட்லியும், வழியில் தின்ற வாழைப்பழமும் கடலைமிட்டாயும், இப்போது தட்டில் இருக்கும் பஜ்ஜியும் சேர்ந்து அதைத் தாண்டிவிட்டன. சைக்கிளில் ஏறி இளைக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். உடற்பயிற்சி சர்க்கரையைத் தசைக்குள் தள்ளும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், தூக்கம் தரும். தொப்பையை மட்டும் தட்டில்தான் குறைக்க முடியும்.

செம்மேட்டில் தங்கினோம். வல்வில் ஓரி சிலையாகக் குதிரைமேல் வில்லோடு நிற்கும் ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்ததாகச் சங்கப் பாட்டு சொல்லும். இந்த மலையில் ஏறி இறங்கி வேட்டையாடியவனுக்கு அம்பைவிட மூச்சு பெரிது என்று எனக்குத் தோன்றியது. இரவு சாமைச் சோறு கிடைக்கும் என்று தேடினோம், பரோட்டாதான் கிடைத்தது.

மறுநாள் விடியலில் பனிக்குள் ஒரு மெல்லோட்டம். மச்சான் ஓடமாட்டார், நடந்தார். ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் உள்ள வித்தியாசம் அன்று முழுக்கக் காலில் எழுதப்பட்டது. சைக்கிளில் எடையைச் சீட் தாங்கும். கால் தள்ளும், தளரும். இறங்கும் எடையைத் தாங்கிப் பிடிக்கும் வேலை அதற்கில்லை. ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வரும். நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் தேற மாதங்கள் ஆகும். சைக்கிளில் மூச்சைப் பழக்கிக்கொண்டு ஓட வருகிறவர்களுக்குத்தான் கெண்டைக்கால் பிடிப்பும் குதிகால் வலியும் அதிகம் வருகின்றன. மூச்சு 'போகலாம்' என்கிறது, குதிகால் 'எனக்குச் சேதி வரவில்லையே' என்கிறது. பேச்சுச் சோதனைக்கு எட்டாத இடம் இது. மறுபுறம், சைக்கிள் மட்டுமே ஓட்டினால் எலும்பு உறுதிப்படாது. தாக்கம் இருந்தால்தான் எலும்பு வலுக்கும். ஐம்பதை நெருங்குகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

நிரூபணம் ஆகாய கங்கை அருவியில் கிடைத்தது. அறப்பளீசுவரர் கோயில் வளப்பூர் நாட்டில் இருக்கிறது. கோயிலை ஒட்டி ஓடும் ஐயாறு சற்றுத் தள்ளி முன்னூறு அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. அருவியின் அடிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். கீழே இறங்கும்போது யாருக்கும் மூச்சு வாங்காது. நானும் மச்சானும் அரட்டை அடித்துக்கொண்டே இறங்கினோம். ஆனால் இறங்கும் ஒவ்வொரு படியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. சைக்கிளில் அதற்கு இந்த வேலையே கிடையாது. பாதிக்கு மேல் தொடை நடுங்க ஆரம்பித்தது. ஆத்தூரிலிருந்து பேரக்குழந்தைகளோடு வந்த ஓர் அம்மா, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்ற என்னிடம், "ஏன் சாமி, உடம்புக்குச் சொகமில்லையா?" என்றார். எழுபது வளைவு சைக்கிளில் ஏறியவன் என்று மச்சான் என்னை அறிமுகப்படுத்தினார். அந்த அம்மா மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஏறும்போது கதை மாறியது. மச்சான் ஐம்பது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். வாக்கியம் உடைகிறதா என்று அவரே ஏதாவது சொல்லிப் பார்ப்பார், உடைந்தால் உட்காருவார். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு, சிரித்த முகமாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல். எனக்குள் இருந்த வெட்கத்தை அந்தப் படிகளில்தான் நேருக்கு நேர் பார்த்தேன். ஓர் இளைஞர் கூட்டம் கடந்தபோது நான் ஓய்வெடுப்பதை மறைக்கப் போனை எடுத்துப் படம்பிடிப்பதாகக் காட்டிக்கொண்டேன். மச்சான் அவர்களைப் பார்த்து, "போங்கப்பா, நாங்க மெள்ள வர்றோம்" என்று கையசைத்தார்.

தொடை வலி உடனே உச்சத்துக்கு வராது; ஒன்று, இரண்டு நாள் கழித்துத்தான் முழுதாக வரும். அதற்குள் கீழே இறங்கிவிட வேண்டுமென்று மறுநாள் அதிகாலையிலேயே கிளம்பினோம். இறக்கம் ஆபத்து. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருவார்கள். விழுந்து காயம்பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. மச்சான் அதனால் ஏறியதைவிடக் கவனமாக இறங்கினார். வளைவுக்கு முன்பே பிரேக், வளைவுக்குள் பிரேக் இல்லை, விட்டுவிட்டுப் பிடிப்பது, பத்து வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி ரிம்மின் சூடு ஆறவிடுவது. மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. பஸ் ஹாரன் கேட்டால் ஓரமாக ஒதுங்கி நின்றோம். காற்றின் இரைச்சலில் பேச்சு கேட்காது. இந்தப் பயணத்தில் மச்சான் தொடர்ந்து பேசாமலிருந்த நேரம் அதுதான்.

காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடித்தோம். பட்டறையில் ஒரு வண்டி பெயின்ட்டுக்கு நிற்கிறதென்று அவர் நாமக்கல்லுக்குத் திரும்பினார். நான் பேளுக்குறிச்சி, ராசிபுரம் வழியாகச் சேலம் போக வேண்டும். வந்தபோது தள்ளிய காற்று இப்போது முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்றும் ஒரு மலைதான். ஆனால் அதற்குப் பலகையும் கிடையாது, உச்சியும் கிடையாது. எப்போது அளவைத் தாண்டுகிறோம் என்று தெரியாமலே தாண்டிவிடுவோம்.

"தனியாப் போறீங்களே, யாரோட பேசுவீங்க?" என்றார் மச்சான். "வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே போங்க மாப்ளே. வாய் விட்டுச் சொல்லோணும். ட்ரெட்மில்லுல நான் அதைத்தான் சொன்னேன். நர்ஸம்மா டாக்டரைக் கூட்டிட்டு வந்துட்டாங்க."

பேளுக்குறிச்சி தாண்டியதும் ஆளில்லாத சாலையில் இரண்டாம் வாய்ப்பாட்டில் தொடங்கினேன். எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும் தடையில்லை. ராசிபுரத்துக்கு முன்னால் ஒரு மேட்டில் காற்றும் சேர்ந்துகொள்ள, பதிமூன்றாறு எழுபத்தெட்டு என்பது மூன்று துண்டாக வந்தது, மிதியைக் குறைத்தேன். ஆண்டகளூர் கேட்டில் நெடுஞ்சாலை ஏறியபின் ஒரு முட்டை லாரி என்னை ஒட்டி மெதுவாகப் போயிற்று. கிளீனர் பையன் தலையை வெளியே நீட்டி, "என்னங்கண்ணா, போனைத் தொலைச்சிட்டீங்களா? யாரைக் கூப்பிடறீங்க?" என்று கத்தினான். பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டு என்று அவனுக்கும் கேட்கும்படி சொன்னேன். டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். லாரி வேகமெடுத்துப் போய்விட்டது. மல்லூரில் இளநீருக்கு நிறுத்தியபோது பத்தொன்பதில் இருந்தேன்.